கார் சாவிக்கு செல் மாற்றுவது

புது வண்டி எடுக்கும் அன்று ஷோரூமில் மாலை போடுவார்கள், கேக் வெட்டுவார்கள், ஆளுயரத்துக்கு அட்டையில் செய்த ஒரு சாவியைக் கையில் கொடுத்துக் குடும்பத்தோடு நிற்க வைத்துப் போட்டோ எடுப்பார்கள். உண்மையான சாவிக்குள் இருக்கும் செல் தீர்ந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் அந்தக் கூட்டத்தில் யார் காதில் விழும்?

நான் கும்பகோணத்தில் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். அப்பா வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடை இப்போது இல்லை. அவருடைய மேஜை, கண்ணில் மாட்டும் லென்ஸ், வாட்ச் மூடியைத் திறக்கும் மொட்டைக் கத்தி, பிளாஸ்டிக் இடுக்கி எல்லாம் என் வீட்டு முன்னறையில் இருக்கின்றன. வாட்ச் கடைக்காரர் மகள், போதாக்குறைக்கு பிஸிக்ஸ் டீச்சர் என்பதால் தெருவில் யார் வீட்டுக் கார் சாவி மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வருகிறது.

அக்கா வீட்டுக்காரர் கதையையே சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராகு கால அபிஷேகத்துக்காக இருவரும் திருநாகேஸ்வரம் போயிருந்தார்கள். பால் நீலமாக மாறுவதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் வண்டி திறக்கவில்லை. அத்தானிடமிருந்து போன்.

“ஏம்மா, சாவி செத்துப்போச்சு. சர்வீஸ் சென்டருக்குப் பேசினேன், இன்னைக்கு லீவாம். வண்டியை இங்கேயே விட்டுட்டு பஸ்ல வந்துடவா?”

பின்னால் அக்காவின் குரல்: “ராகு காலத்துல கிளம்பாதீங்கன்னு சொன்னா கேட்டாத்தானே.” அபிஷேகமே ராகு காலத்தில்தான் என்பதை நான் அப்போது எடுத்துச் சொல்லவில்லை.

“அத்தான், சாவியோட பக்கவாட்டுல ஒரு சின்ன பொத்தான் இருக்கும். அதைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு மேல இருக்கிற வளையத்தை இழுங்க.”

“இரும்மா... அட, உள்ளே ஒரு சாவி இருக்கு!”

வண்டி வாங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றுதான் அதைப் பார்க்கிறார். பெரும்பாலான பட்டன் ஸ்டார்ட் சாவிகளுக்குள் இப்படி ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். டிரைவர் பக்கக் கதவில் அதற்கான துளையும் இருக்கும். சில வண்டிகளில் கைப்பிடியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் மூடி அந்தத் துளையை மறைத்திருக்கும், அதை நெம்பி எடுக்க வேண்டும். கதவைத் திறந்ததும் ஹாரன் அலறும், பயப்படாதீர்கள், வண்டி ஸ்டார்ட் ஆனதும் நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். சொல்லியும் என்ன பயன்? கோயில் வாசலில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்த அவமானத்தை அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்தது ஸ்டார்ட் செய்வது. பிரேக்கை மிதித்துக்கொண்டு, விரலுக்குப் பதிலாகச் சாவியின் முனையாலேயே ஸ்டார்ட் பட்டனை அமுக்கச் சொன்னேன். எஞ்சின் ஓடியது. இது வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். டொயோட்டாவில் சாவியின் சின்னம் உள்ள பக்கத்தைப் பட்டனில் தொட்டுக் காட்ட வேண்டும். வேறு சில வண்டிகளில் கப் வைக்கும் குழியிலோ ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலோ சாவியை வைப்பதற்கென்று ஓர் இடம் இருக்கும். டேஷ்போர்டு பெட்டியில் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறதே ஒரு புத்தகம், அதில் உங்கள் வண்டிக்கான இடத்தைப் படம் போட்டே காட்டியிருப்பார்கள்.

செல் இல்லாமல் இது எப்படி நடக்கிறது என்று பிளஸ் டூ பிள்ளைகளிடம் கேட்டால் சொல்லிவிட வேண்டும். பரிமாற்று மின்தூண்டல். ஸ்டார்ட் பட்டனைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள், சாவிக்குள் இன்னொரு சின்னக் கம்பிச்சுருள். வண்டியின் சுருளில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம், ஏறக்குறைய 125 கிலோ ஹெர்ட்ஸில், சாவியின் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்தத் துளி மின்சாரத்தில் சாவியின் சிப் விழித்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்கிறது. சரியான அடையாளம் என்றால் வண்டி எஞ்சினை ஓடவிடும். சில சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் இது பலிக்கும், அதனால்தான் தொட்டுக் காட்டச் சொல்கிறார்கள். திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதுக் கார்களில் கட்டாயம்.

அப்படியானால் செல் எதற்கு? தூரத்துக்கு. சாவி பாக்கெட்டிலேயே இருக்க நீங்கள் கதவுப் பிடியைத் தொட்டதும் திறக்கிறதல்லவா, அப்போது வண்டி அதே தாழ்ந்த அலைவெண்ணில் ‘யார் அங்கே’ என்று கேட்கிறது. சாவி அதைக் காதில் வாங்கி, நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433 மெகா ஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பதில் சொல்கிறது. அந்தப் பதிலை ஒன்றிரண்டு மீட்டர் தாண்டி அனுப்பத்தான் செல் வேண்டும். பட்டனை அமுக்கித் தொலைவிலிருந்து திறப்பதற்கும் அதுவேதான். டிவி ரிமோட் வேலை செய்கிறதா என்று மொபைல் கேமராவில் பார்ப்போமே, அந்த வித்தை இங்கே பலிக்காது. டிவி ரிமோட்டில் வருவது அகச்சிவப்பு ஒளி, இது ரேடியோ.

இந்தச் சாவி ஒரு நிமிடம்கூடத் தூங்குவதில்லை என்பதுதான் சிக்கல். வண்டி எப்போது கூப்பிடுமோ என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டே இருக்கும். அக்கா வீட்டில் சாவி மாட்டும் ஆணி போர்டிகோவை ஒட்டிய சுவரில் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி. இரண்டும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே கிடந்தால் செல் எத்தனை நாளைக்கு வரும்? டிவி, லேப்டாப், போன் சார்ஜர் பக்கத்தில் வைத்தாலும் அவற்றின் இரைச்சலைக் கேட்டுக் கேட்டே செல் இறங்கும். சாவியைக் கொண்டுபோய் உள்ளறை பீரோவில் வைக்கச் சொன்னேன். சில டொயோட்டா சாவிகளில் ‘லாக்’ பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி ‘அன்லாக்’ பொத்தானை இரண்டு முறை தட்டினால் சாவியின் விளக்கு நான்கு முறை மின்னிவிட்டுத் தூங்கப் போய்விடும். வாரக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது உதவும்.

மறுநாள் மாலை சாவி என் மேஜைக்கு வந்தது.

முதலில் வெளிப்புறம். இரண்டு ஓடுகளும் சேரும் விளிம்பில் விபூதி, சந்தனம், கொஞ்சம் தேங்காய் நார். கோயில் கோயிலாகப் போகிற குடும்பத்துச் சாவியில் வேறென்ன இருக்கும். பழைய டூத் பிரஷால் உலர்வாகவே தேய்த்து எடுத்தேன். திறந்த பிறகு துடைத்தால் அத்தனையும் உள்ளே போகும்.

இரும்புச் சாவியை உருவினால் அது இருந்த பள்ளத்தில் ஒரு கீறல் தெரியும். அதுதான் வாசல். பலர் ஸ்க்ரூ டிரைவரை ஓட்டின் விளிம்பில் எங்கேயோ குத்தி நெம்பி, சாவியைப் பல் கடித்த மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். கீறலில் மொட்டைக் கத்தியை நுழைத்து, நெம்பாமல், பக்கவாட்டில் மெல்லத் திருக வேண்டும். டக் என்று ஒரு சத்தம் வரும். பிறகு நகத்தாலேயே சுற்றிக்கொண்டு வந்து பிரித்துவிடலாம். கத்தி இல்லாவிட்டால் தட்டையான ஸ்க்ரூ டிரைவர் முனையில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

திறந்ததும் கையை வைக்காமல் மொபைலில் ஒரு போட்டோ. செல்லின் எந்தப் பக்கம் மேலே இருந்தது, ரப்பர் பட்டன் எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது, ஈரம் புகாமல் இருக்க ஓரத்தில் ஓடும் மெல்லிய வளையம் எங்கே இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். மடக்குச் சாவிகளையும் திருகிப் போடும் பழைய மாடல் ரிமோட் சாவிகளையும் திறப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவற்றில் சிலவற்றில் அந்த அடையாளச் சிப், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டாகத் தனியே ஒரு குழியில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஓட்டைத் தட்டிக் கொட்டினால் மேஜைக்கு அடியில் போய்விடும். அது போனால் கதவு திறக்கும், எஞ்சின் ஓடாது. அதனால் நான் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு விரித்து அதன் மேல்தான் திறப்பேன். அப்பாவும் அப்படித்தான்.

அத்தான் சாவியில் இருந்தது சிஆர்2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: குறுக்கு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். சிஆர்2025 என்றால் கனம் 2.5, சிஆர்1620 என்றால் குறுக்கு 16, கனம் 2. தீர்ந்துபோன செல்களை டேப் ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் லேபில் வெர்னியர் அளவியை முதன்முதலாகத் தொடும்போது டேப்பைப் பிரித்து இதைத்தான் அளக்கக் கொடுப்பேன். விடை செல்லின் முதுகிலேயே அச்சாகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற பிள்ளை எது என்று பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மல்டிமீட்டரில் பழைய செல் 2.8 வோல்ட் சொன்னது. “மூணு வோல்ட் செல்லுல ரெண்டே முக்காலுக்கு மேல இருக்கே, நல்லாத்தானே இருக்கு” என்றார் அத்தான். அங்கேதான் ஏமாறுவோம். லித்தியம் செல்லின் வோல்ட்டேஜ் வாழ்நாளில் பெரும்பகுதி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும், கடைசியில் சடாரென்று விழும். கூடவே அதன் அக மின்தடை ஏறிக்கொண்டே போயிருக்கும். சும்மா இருக்கும்போது வோல்ட்டேஜ் காட்டும், மின்னோட்டம் கேட்டால் கையை விரிக்கும். பழைய செல்லை அதன் இடத்தில் வைத்து, பட்டனை அமுக்கியபடியே மீட்டரை வைத்தேன். முள்... இல்லை, இப்போதெல்லாம் எண்தான், 2.3-க்குச் சரிந்தது. “பாத்தீங்களா?” என்றேன். வாயால் ஒன்றும் சொல்லாமல் மீட்டரை வாங்கி அவரே ஒரு முறை செய்து பார்த்துக்கொண்டார். புது செல் சும்மா அளந்தால் 3.2-க்கு மேல் காட்ட வேண்டும். அதற்குக் கீழே காட்டும் ‘புது’ செல் கடையில் ரொம்ப நாள் தூங்கியது.

செல் வாங்குவதில்தான் நான் கறார். மாற்றுவது இரண்டு நிமிட வேலை, அதில் தப்பு நடக்க இடம் குறைவு. நடக்கிற தப்பெல்லாம் கடையில் நடக்கிறது. பேன்சி ஸ்டோரிலும் கார் உதிரிப் பொருள் கடையிலும் ஒரு டப்பாவில் செல்களை உதிரியாகக் கொட்டி வைத்திருப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்று உரசி, அங்கேயே ஷார்ட் ஆகி, பாதி உயிர் போயிருக்கும். தனித்தனிக் குமிழில் அடைத்த அட்டையாக, தேதி போட்டதாக வாங்குங்கள். நல்ல செல் உறை பிரிக்காமல் எட்டு, பத்து வருடம்கூடத் தாங்கும். அப்பா கடையில் ரெனாட்டா, மேக்செல், சோனி. சோனியின் பேட்டரித் தொழிலை 2017-இல் முராட்டா வாங்கியதும் அவை முராட்டா பெயரில் வரத் தொடங்கின. பேனசானிக்கும் தாராளமாக வாங்கலாம்.

“2032 இல்லீங்க, 2025 இருக்கு, பேப்பர் மடிச்சு வெச்சா சரியாயிடும்” என்று கடைக்காரர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டு விட்டு வரும். 2025 போடும் இடத்தில் 2032-ஐத் திணித்தால் தகட்டுக் கவ்வி வளைந்து, அப்புறம் சரியான செல்லும் நிற்காது. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யலாம் என்று எல்ஐஆர்2032 என்று ஒன்று விற்கிறது. முழுதாக ஏறினால் அது 4.2 வோல்ட். மூன்று வோல்ட்டுக்குச் செய்த சாவியில் அதைப் போடுவது விஷப் பரீட்சை.

சில செல்களில் குழந்தைகள் வாயில் போட்டால் துப்பட்டும் என்று கசப்பு மருந்து பூசி வருகிறது, டியூராசெல்லில் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சில கருவிகளில் செல்லைத் தொடும் முனை அந்தப் பூச்சின் மேல் உட்கார்ந்தால் மின்சாரம் பாயாது. ஆப்பிள் நிறுவனமே தன் ஏர்டேக்குக்கு அப்படிப்பட்ட செல் ஒத்துவராமல் போகலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. புது செல் போட்டும் சாவி எழுந்திருக்காவிட்டால், வீட்டில் குழந்தைகள் இல்லாத பட்சத்தில், பூச்சில்லாத ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

போடுவதைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய செல்லை ஓரத்தில் விட்டிருக்கும் வெட்டுப் பக்கமாகக் கிளப்ப வேண்டும், கவ்வியின் பக்கம் போகக் கூடாது. இரும்பு இடுக்கியால் செல்லின் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிக்காதீர்கள், அதுவே ஷார்ட். புது செல்லை உலர்ந்த துணியால் ஒரு துடை, போட்டோவில் பார்த்த பக்கம் மேலே வர வைத்து ஓர் அமுக்கு, ஓட்டை மூடிச் சுற்றிலும் ஓர் அழுத்து. சாவியின் சிவப்பு விளக்கு மின்னியது.

“புரோகிராம் எல்லாம் அழிஞ்சுபோயிருக்காதே?” எல்லோரும் கேட்கும் கேள்வி, அத்தானும் கேட்டார். அழியாது. அடையாளமும், ஒவ்வொரு அமுக்குக்கும் மாறிக்கொண்டே போகும் ரகசிய எண்ணின் கணக்கும் மின்சாரம் இல்லாவிட்டாலும் நிற்கும் நினைவகத்தில் இருக்கின்றன. சில பழைய மாடல்களில் மட்டும் செல் மாற்றியதும் சாவியை ஒருமுறை போட்டுத் திருப்பி லாக் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். அதற்கும் அந்தப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டை மூடும் முன் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மாதமும் வருடமும் எழுதினேன். அப்பா பழகிக் கொடுத்தது. வாட்ச் மூடியின் உள்பக்கம் ஊசியால் தேதி கீறி வைப்பார், அடுத்த முறை திறக்கும்போது செல் எத்தனை நாள் வந்தது என்று கணக்குத் தெரியும். பீரோவில் கிடக்கும் இன்னொரு சாவியை மறந்துவிடுகிறோம், சும்மா கிடந்தாலும் அதன் செல்லும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாமல் ஆறு மாதம் தள்ளி மாற்றுவது என் வழக்கம். இரண்டும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் என்ன செய்வது?

பழைய செல்லை அத்தான் அப்படியே மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தார். அக்காவின் பேரன் அப்போதுதான் நாற்காலியைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தான். நான் கொஞ்சம் சத்தமாகவே கத்திவிட்டேன்.

20 மில்லிமீட்டர் செல் சின்னக் குழந்தையின் உணவுக் குழாயில் சரியாக மாட்டிக்கொள்ளும் அளவு. மாட்டினால் அங்குள்ள ஈரத்தின் வழியே மின்னோட்டம் ஓடும், செல்லின் எதிர்மின் முனைப் பக்கம் காரம் உருவாகும், அது சதையை அரிக்கும். இரண்டே மணி நேரத்தில் பெரிய காயம் ஆகிவிடும். ‘தீர்ந்துபோன செல்தானே’ என்பது பேச்சே இல்லை. சாவியை ஓட்ட முடியாத செல்லிலும் இதற்குப் போதுமான வோல்ட்டேஜ் இருக்கிறது, 2.8 என்று மீட்டரில் பார்த்தோமே. குழந்தை விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள், செல் என்று சொல்லியே காட்டுங்கள். எக்ஸ்ரேயில் நாணயம் ஒற்றை வட்டமாகவும் செல் இரட்டை வளையமாகவும் தெரியும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, விழுங்கவும் முடிகிறது என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், மொத்தம் ஆறு முறைக்கு மிகாமல் கொடுக்கலாம் என்று அமெரிக்க விஷமுறிவு மையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. தேன் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

அதனால் பழைய செல் வெளியே வந்த கையோடு இரண்டு முகத்திலும் டேப் ஒட்டி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, பரண் மேல். டேப் குழந்தைக்காக மட்டும் இல்லை, டப்பாவுக்குள் செல்கள் ஒன்றையொன்று தொட்டுச் சூடாகாமல் இருக்கவும்தான். குப்பையில் போடக் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளில் இந்தச் சின்ன செல்லும் அடக்கம், தயாரித்தவர்களே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். நடைமுறையில் நம் தெருவில் யார் வந்து வாங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள். நான் டப்பா நிறைந்ததும் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். தூய்மைப் பணியாளர்களிடம் கொடுப்பதென்றால் மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலும் சேர்க்காமல் தனியாக, செல் என்று சொல்லிக் கொடுங்கள்.

அத்தான் இப்போது பெரிய நிபுணர். வாக்கிங் போகும் இடத்தில் எல்லோருக்கும் இரும்புச் சாவியை உருவிக் காட்டுகிறாராம். போன வாரம் அவர் வீட்டு கேட் ரிமோட்டைக் கொண்டுவந்து, இதிலும் 2032 போடு என்றார். அதில் இருப்பது 23ஏ என்கிற 12 வோல்ட் பேட்டரி, விரல் நுனியளவு உருளை. அதன் தோலை உரித்தால் உள்ளே எட்டு பொடி செல்கள் அடுக்கி வைத்திருக்கும், ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். உரித்துக் காட்டு என்கிறார். பேரன் ஊருக்குப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.